கூட வந்தவங்க யாரு

என் அக்காவுக்கு வந்த நோய்க்கு எங்கள் ஊரில் வைத்தியம் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போனால் விடியும்போது வருகிற பெரிய நகரத்தில்தான் அதற்கான மருத்துவமனை இருந்தது. அத்தான் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். லீவு போட்டால் அன்றைய கூலி கிடையாது. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். நான் அவர்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு கூரியர் அலுவலகத்தில் கவுண்டர் வேலை பார்த்தேன், கல்யாணம் ஆகவில்லை. அதனால் யார் கூடப் போவது என்று வீட்டில் யாரும் பேசவே இல்லை. நான் என் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன், அவ்வளவுதான்.

முதல் பயணத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டேஷன் வாசலில் பிடித்த வாடகை வண்டிக்காரர், "ஆஸ்பத்திரிக்கு ரொம்பப் பக்கம், சுத்தமான ரூம்" என்று சொல்லி ஒரு லாட்ஜில் இறக்கிவிட்டார். அவருக்கு அங்கே கமிஷன் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. ரூம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. குளியலறை வராந்தாவின் கடைசியில். அக்கா திருப்பத்துக்குத் திருப்பம் படியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏய், இங்கேயே ஒரு பாயைப் போட்டுடு. வாடகை பாதிதான் கேப்பான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளே சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவமனையின் முன்வாசலில் போய் நின்றோம். நாங்கள் போகவேண்டிய பிரிவு மேற்கு வாசல் பக்கம் என்றார்கள். சுற்றிக்கொண்டு நடந்து போய்ச் சேர்ந்தபோது டோக்கன் தீர்ந்திருந்தது. ஒரு நாள் வீண். அக்காவுக்கு அப்போது ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

கூரியர் வேலையில் விலாசம் என்பது பாதி சங்கதிதான். கதவு எண் சரியாக இருந்தாலும், "எதிர்ல என்ன இருக்கு? எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டு ஓரத்தில் எழுதினால்தான் பார்சல் போய்ச் சேரும். அந்தப் பழக்கத்தில் நான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். மேற்கு வாசலில் சரிவுப்பாதை இருக்கிறது, சக்கர நாற்காலி போகும். டோக்கன் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். இரண்டாவது தெருவில் ஒரு விதவை அம்மாள் தன் வீட்டின் கீழ் அறையை வாடகைக்கு விடுகிறார். அடுப்பு கொடுப்பார், ஆனால் ஈரத்துணியை ஜன்னலில் போட்டால் பத்திரகாளி ஆகிவிடுவார். மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது யாராவது ஒருவர் புதிதாக ஒன்று சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்வேன்.

எங்கள் தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருந்தவரின் மனைவிக்கும் அதே மருத்துவமனைக்குப் போகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவர் என்னிடம் வந்து, "ஒண்ணுமே புரியலம்மா, எங்க இறங்கணும்னுகூடத் தெரியாது" என்று நின்றார். நோட்டைப் பார்த்து நாலு பக்கம் தெளிவாக எழுதி, வழிப்படம் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்களுடைய நாலாவது பயணம். டோக்கன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. ஜெராக்ஸின் ஜெராக்ஸ், பாதி எழுத்து மங்கிப்போயிருந்தது. அவள் எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது. "இதுல கவுண்டர் நம்பர் ஏழுன்னு போட்டிருக்கா, ஒண்ணுன்னு போட்டிருக்கா, பாருங்க" என்று என்னிடமே கேட்டாள். "ஏழு" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் எட்டி அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஊர் சுத்தறவங்க எல்லாம் பிளாக் எழுதறாங்கல்ல? கடல், மலை, ஓட்டல்னு. நீயும் எழுது. நாம மட்டும் என்ன, ஊர் சுத்தலையா?"

"இதை யாரு படிப்பாங்க அக்கா?"

"அதோ நிக்கிறா பாரு, அவ படிப்பா."

அந்த நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து, "பேஷண்ட் கூட வந்தவங்க யாரு?" என்று கத்தினாள். அந்த வராந்தாவில் யாருக்கும் பெயர் கிடையாது. நாங்கள் எல்லாரும் கூட வந்தவர்கள்தான். அக்கா என் முழங்கையைத் தட்டி, "பேர் வச்சாச்சு, போ" என்றாள்.

இப்படித்தான் 'கூட வந்தவங்க' என்ற வலைப்பூ தொடங்கியது. அந்த விதவை அம்மாளின் கீழ் அறையில், அக்கா ஊசி போட்டுத் தூங்கும் நேரங்களில், போனிலேயே தட்டித் தட்டி எழுதினேன். கடலும் மலையும் இல்லாத பயண வலைப்பூ. எந்த ரயிலில் போனால் காலையில் சரியான நேரத்துக்கு இறங்கலாம், எந்த லாட்ஜில் கட்டிலின் உயரம் எவ்வளவு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, இதெல்லாம்தான் அதில் இருந்தது. அக்கா படித்துப் பார்த்துத் திருத்துவாள். "கொசு கிடையாதுன்னு எழுதாதே. கொசு என்ன உன்கிட்ட சொல்லிட்டா வரும்? நாங்க இருந்தப்போ கடிக்கலன்னு எழுது."

மாதக்கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு திடீரென்று கேள்விகள் வரத் தொடங்கின. விளம்பரமும் வந்தது. முதலில் வந்த விளம்பரம், கடற்கரையில் தேனிலவு. அக்கா அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஆபரேஷன் தையல் வலிக்கிற அளவுக்கு. "நல்லா இருக்குடி. டோக்கன் கிடைக்காதவங்க அங்க போயிடலாம்."

இதற்கிடையில் கூரியர் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர். "உன் நிலைமை புரியுதும்மா. ஆனா கவுண்டர் காலியா இருந்தா எனக்கு மேல இருக்கறவங்க கேக்கறாங்க" என்றார். ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.

ஏழாவது பயணத்திலிருந்து திரும்பி வந்த மூன்றாவது வாரம், ஒரு காலை வேளையில், வீட்டில், தன் கட்டிலில் அக்கா போய்விட்டாள். அத்தான் பக்கத்தில் இருந்தார். நான் அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தேன். அதைப் பற்றி இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அதன்பிறகு வெகுநாள் நான் வலைப்பூவைத் திறக்கவில்லை. திறந்தபோது கேள்விகள் குவிந்துகிடந்தன. யாருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது தெரியாது. "மேற்கு வாசலை மூடிவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா? அப்பாவை வெள்ளிக்கிழமை கூட்டிப்போகிறோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்று வியாழக்கிழமை. அங்கே எனக்குப் பழக்கமான மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டு, மூடவில்லை, வேலை நடக்கிறது, ஓரமாகப் போகலாம் என்று பதில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அழுதேன். பிறகு அடுத்த கேள்விக்குப் போனேன்.

மற்ற மருத்துவமனைகளைப் பற்றியும் கேட்டு எழுதினார்கள், அதனால் வேறு நகரங்களுக்கும் போகத் தொடங்கினேன். இதயத்துக்கு ஒரு ஊர், கண்ணுக்கு ஒரு ஊர், குழந்தைகளுக்கு ஒரு ஊர். எல்லா இடத்திலும் மருத்துவமனையைச் சுற்றி அதே லாட்ஜுகள், அதே ஜெராக்ஸ் கடைகள், பிளாஸ்டிக் வாளி விற்கிற அதே கடை. கையில் டேப் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவை அளப்பேன். படிகளை எண்ணுவேன். ரிசப்ஷனில் இருப்பவர்கள் என் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

"பேஷண்ட் எங்க?"

"இல்லைங்க. நான் மட்டும்தான்."

அதற்கு மேல் அவர்களுக்கு என்ன கேட்பது என்று தெரியாது.

வலைப்பூ தொடங்கிய இரண்டாவது வருடக் கடைசியில், விளம்பரமும், அதன் வழியாக ரூம் பதிவு செய்தால் வருகிற கமிஷனும் சேர்ந்து என் கூரியர் சம்பளத்தை எட்டிப்பிடித்தன. அக்கா மகளின் பள்ளிக் கட்டணத்தை நானே கட்டுகிறேன் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் பட்டறையிலிருந்து வந்து கைகளில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் யாரோ அவருக்கு வலைப்பூவைக் காட்டியிருக்கிறார்கள். படியில்லாத ரூம் ஏன் முக்கியம் என்று சொல்வதற்காக, அக்கா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதை அதில் எழுதியிருந்தேன்.

"அந்தக் காசு வேணாம்" என்றார். "அவ உக்காந்த படியக்கூட விட்டுவைக்காம வித்துட்டியே."

அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வது, "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்ற அளவில் சுருங்கியது. கட்டணத்தை நான் பள்ளியிலேயே நேராகப் போய்க் கட்டினேன். அவர் தடுக்கவும் இல்லை, பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இதய மருத்துவமனை ஊரிலிருந்து ஒரு லாட்ஜ் முதலாளி போன் செய்தார். அவருடைய லாட்ஜைப் பற்றி ஏற்கெனவே நல்லபடியாக எழுதியிருந்தேன். பொய்யில்லை, வாசலிலிருந்து மூன்று நிமிட நடை, லிஃப்ட் இருந்தது, கீழ்த்தளத்தில் இரண்டு ரூம். "மேடம், நீங்க எழுதினதை ஒரு எழுத்து மாத்த வேணாம். மேல, முதல்ல வர்ற மாதிரி வையுங்க, போதும். மாசாமாசம் அனுப்பிடறேன்" என்றார். யோசித்துப் பார்த்தேன். நல்ல இடத்தை நல்ல இடம் என்று சொல்வதற்குக் காசு வாங்கினால் என்ன தப்பு? சரி என்றேன். பணம் மாதம் தவறாமல் வந்தது. அதனாலோ என்னவோ, அந்த ஊருக்கு மறுபடி போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு மாதம் போனது.

ஒரு மத்தியானம் போன் வந்தது. பேசியவர் பஸ் டிரைவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"உங்க பிளாக்ல பார்த்துத்தான் ரூம் போட்டேன். லிஃப்ட் ஓடலைங்க. கீழ் ரூமை மருந்துக்கடைக்கு விட்டுட்டாங்க. என் சம்சாரத்துக்கு ஆபரேஷன் ஆகி பத்து நாள்தான் ஆகுது. மூணாவது மாடி. நான்தான் தூக்கிட்டுப் போனேன். பாதில கால் இடறிடுச்சு."

"ஐயோ... அவங்க எப்படி இருக்காங்க?"

"தையல் பிரிஞ்சிடுச்சு. திரும்ப உள்ள சேர்த்திருக்காங்க. லிஃப்ட் இருக்குன்னு எழுதினதோட நீங்க நிறுத்தலைங்க. அதுல ரெண்டு பேர் நிக்கலாம், மூணாவது ஆள் ஏறினா கதவு மூடாதுன்னு எழுதியிருந்தீங்க. அவ்வளவு கரெக்டா எழுதறவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அடுத்த ரயிலில் ஏறினேன்.

லாட்ஜில் லிஃப்ட் கதவின் கைப்பிடியைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். யாரும் திறந்துவிடாமல் இருக்க ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு, அதில் துவைத்த தலையணை உறைகளை அடுக்கியிருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஸ்பேர் பார்ட் வரணும் மேடம். ஆர்டர் போட்டாச்சு."

"எவ்வளவு நாளா ஓடலை?"

"ஒரு... மூணு மாசம் இருக்கும்."

"எனக்கு ஏங்க சொல்லலை?"

அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நீங்க கேக்கலையே மேடம்."

மூன்று மாதமும் அவர் அனுப்பிய பணத்தை நான் வாங்கியிருந்தேன். ஒரு போன் செய்யத் தோன்றவில்லை.

வார்டைக் கண்டுபிடித்துப் போனேன். டிரைவர் நல்ல உயரமான மனிதர். கண்கள் உள்ளே போயிருந்தன, சட்டைக் காலர் கறுத்திருந்தது. நான் யார் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அவர் என்னைத் திட்டுவதற்குத் தயாராவதுபோலத்தான் தெரிந்தது. கடைசியில், "ரெண்டு நாளா குளிக்கலைங்க. இவளை விட்டுட்டு நகர முடியலை. ஒரு மணி நேரம் உக்காருவீங்களா?" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, அந்தக் கட்டிலுக்குக் கூட வந்தவர் யார் என்று கேட்டாள். எழுந்து நின்றேன். மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தாள். ஓடிப்போய் வாங்கி வந்தேன். எனக்கு அந்த ஓட்டம் மறக்கவில்லை. கால்கள் தாமாகவே ஓடின.

திரும்பி வந்தபோது டிரைவரின் மனைவி விழித்திருந்தார். என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்தார். அப்படியே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை, சொல்லிவிட்டேன். லாட்ஜிலிருந்து பணம் வாங்கியதையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை.

"நீங்க அந்த லிஃப்டைப் பார்த்தது எப்போ?" என்றார்.

"போன வருஷம்."

"அதைப் போட்டிருக்கலாமே. எந்தத் தேதில பார்த்தீங்கன்னு. போன வருஷம்னு இருந்தா, இவர் ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பார். எதையும் கேட்டுட்டுச் செய்யற மனுஷன்தான்." பிறகு, "தண்ணி குடுங்க" என்றார். தலையைத் தாங்கிக் கொடுத்தேன்.

நாலு நாள் அங்கே இருந்தேன். பகலில் மூன்று மணி நேரம் நான் உட்காருவேன், டிரைவர் தூங்கிவிட்டு வருவார். மிச்ச நேரத்தில் அந்தத் தெருவிலிருந்த எல்லா லாட்ஜுக்கும் போய்ப் பார்த்தேன். நான் எழுதியிருந்தவற்றில் பாதி மாறியிருந்தது. ஒரு லாட்ஜே இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பேங்க் இருந்தது.

வீட்டுக்கு வந்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். யாரிடமிருந்து பணம் வாங்கினேன், எத்தனை மாதம் நேரில் போய்ப் பார்க்கவில்லை, அதனால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எல்லாம். ஆறு மாதத்துக்குள் பார்க்காத இடங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். மூன்று ஊர்கள் அப்படியே போயின. இனி விளம்பரப் பணம் கொடுப்பவர்களின் பெயர் பக்கத்திலேயே இருக்கும், பார்த்த தேதி எல்லாவற்றிலும் இருக்கும் என்று எழுதினேன்.

லாட்ஜ் முதலாளி போன் செய்து, மேடம் என்பதை விட்டு வேறு வார்த்தைகளால் கூப்பிட்டார். மற்ற விளம்பரக்காரர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். "நல்லா சம்பாதிச்சுட்டு இப்போ நாடகமா" என்று பதிவுக்குக் கீழே எழுதினவர்கள் உண்டு. வருமானம் பாதிக்கும் கீழே இறங்கியது. அக்கா மகளுக்குப் பள்ளிக் கட்டணத்தின் அடுத்த தவணை கட்டவேண்டியிருந்தது. கூரியர் மேனேஜரிடம் போய் நின்றேன். கவுண்டரில் வேறு பெண் இருந்தாள். காலையில் பார்சல் பிரிக்கிற வேலை மட்டும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் போன்.

"படிச்சேன்."

"திட்டறதா இருந்தா உக்காந்தே திட்டுங்க அத்தான். எனக்குப் பழகிடுச்சு."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது உன்னைச் சொன்னதில்ல. அவ கூட நான் வரலை. ஏழு தடவையும் வரலை. கூலி போயிடும்னு கணக்குப் பார்த்தேன். அவ ஒரு தடவைகூட வான்னு கேக்கலை. திரும்பி வந்தாலும், எல்லாம் நல்லா இருந்துச்சு, ரூம் நல்ல ரூம்னுதான் சொல்லுவா. படியில உக்காந்து உக்காந்து ஏறினான்னு உன் பிளாக்லதான் படிச்சேன். ஊர்ல இருக்கறவன் எல்லாம் படிச்சதுக்கு அப்புறம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல் மாதிரி இருந்தது அந்தக் கை. அவர் அழவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, "இப்போ எந்த ஊர் விட்டுப்போயிருக்கு?" என்றார்.

"கண் ஆஸ்பத்திரி ஊர், அப்புறம் இன்னும் ரெண்டு. எதுக்கு?"

"பட்டறை அடுத்த வாரம் மூடறாங்க, மோட்டார் மாத்தறதுக்கு. அஞ்சு நாள் சும்மாதான் இருப்பேன். நான் போய்ப் பாத்துட்டு வரேன். அளவெடுக்கறது எனக்குச் சொல்லித்தர வேணாம்."

போனார். அவர் கொண்டுவந்த குறிப்புகளைப் போல நான் எழுதியதே இல்லை. குளியலறைக் கதவை மில்லிமீட்டரில் அளந்திருந்தார். லிஃப்டின் மோட்டார் எந்த வருடத்தது, இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று எழுதியிருந்தார். அதை அப்படியே போட்டேன். படித்த ஒருவர், தன் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்வந்த பிறகு, அங்கே மாறியிருந்த இரண்டு விஷயங்களைத் தேதியோடு எழுதி அனுப்பினார். பிறகு இன்னொருவர். இப்போது பெரும்பாலான ஊர்களிலிருந்து அப்படி வந்துவிடுகிறது. நான் போன் செய்து சரிபார்த்துவிட்டுப் போடுகிறேன்.

லாட்ஜுகளிடம் நான் இப்போது ஒன்றும் வாங்குவதில்லை. முதல் தடவை போகிறவர்கள் கூப்பிட்டால், ரயிலிலிருந்து ரூம் வரை மொத்தப் பயணத்தையும் அவர்களுக்காகத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். முடிந்தவர்கள் அதற்கு ஒரு தொகை கொடுக்கிறார்கள். முடியாதவர்களிடம் கேட்பதில்லை. போன மாதம் கூரியர் வேலையை மறுபடி விட்டேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "இந்தத் தடவை கவுண்டர்ல ஆள் இருக்கு, தைரியமா போ" என்றார்.

டிரைவரின் மனைவி ஒரு மாதத்தில் வீடு திரும்பினார். டிரைவர் ஒரு வரியில் அதைத் தெரிவித்தார். அவர்களைப் பற்றி எழுதிய பக்கம் இன்னும் இருக்கிறது, முதலில் வருகிற மாதிரிதான் வைத்திருக்கிறேன். அவர்கள் அதைப் படித்தார்களா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.